ரைட் இல்லாத படகு

"டேய் வேணு, பெருநாள் வேலையெல்லாம் முடிஞ்சிது. ஞாயித்துக்கிழமை காலையில போட்ல ஏர்றேன்னு நூரு சொல்லிட்டா. ஒரே ஒரு வாட்டிதானாம். புடிக்கலன்னா திங்கக்கிழமை வெலை பேசுன பாண்டிக்காரர் வந்து போட்டை எடுத்துக்கினு போயிடுவாரு. போட்ல பேசுற வார்த்தையெல்லாம் தமிழ்ல எழுதிக்கினு ஜல்தி வா. வண்டி ஓட்டத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரையும் கூட்டிக்கினு வா."

பங்குனி மாதம், நோன்புப் பெருநாளுக்கு அடுத்த வாரம், புதன்கிழமை காலையில் என் கைபேசிக்கு வந்த குரல் செய்தி இது. அனுப்பியவர் கோட்டக்குப்பம் காதர். குரல் செய்திகளை நான் நம்புவதில்லை. கைபேசி மாறினால் போய்விடும். கேட்ட உடனே அப்படியே எழுதி, மேலே மாதத்தையும் கிழமையையும் போட்டு வைத்தேன்.

காதரும் நானும் திண்டிவனத்தில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். நான் ஊரிலேயே தங்கிவிட்டேன். அவர் வளைகுடாவுக்குப் போனார். அங்கே பணக்காரக் குடும்பங்கள் தங்கள் உல்லாசப் படகுகளை நிறுத்தி வைக்கும் துறையில் வேலை. படகைக் கழுவுவது, கட்டுவது, ஏறுகிறவர்களுக்குக் கை கொடுப்பது. வெள்ளிக்கிழமை தோறும் யார் யாருடைய மனைவி மக்களையோ ஏற்றிவிட்டு, அவர்கள் திரும்பி வரும்வரை கரையில் கயிற்றோடு நிற்பார். வேலையை விட்டு ஊருக்கு வந்ததும் அவர் வாங்கிய முதல் பொருள் ஐந்து பேர் உட்காரக்கூடிய ஒரு சின்ன ஃபைபர் படகு. மீன் பிடிக்க அல்ல. மனைவி நூர்ஜஹானை உட்காரவைத்து ஒரு சுற்று போய் வர. அவ்வளவுதான் ஆசை.

பொங்கலுக்கு முன்பு ஒருமுறை முயன்றார்கள். உப்பங்கழிக் கரையில் கட்டியிருந்த படகில் நூர்ஜஹான் ஒரு காலை வைத்து உட்காரப் போன நேரத்தில், பழைய பழக்கத்தில் காதர், "ஸ்டார்போர்ட்! ஸ்டார்போர்ட்!" என்று கத்தியிருக்கிறார். வலது பக்கம் நகர்ந்து உட்கார் என்று பொருள். எதுவோ வருகிறது என்று நினைத்து அந்த அம்மா துள்ளி எழுந்தார். படகு சாய்ந்தது. முழங்கால் தண்ணீர்தான், ஆனால் முழுதாக விழுந்து எழுந்தார். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அதன் பிறகு அவர் படகின் பக்கமே போகவில்லை. தண்ணீருக்குப் பயம் இல்லையாம். "புரியாத பாஷையில கத்துறவங்கள நம்பி எப்படிங்க உக்கார்றது?" என்பதுதான் அவருடைய கேள்வி. எனக்கு அது மிக நியாயமான கேள்வியாகப் பட்டது.

வெள்ளிக்கிழமை நான் கடலுக்கு நேர் எதிர்த் திசையில், விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன். ஓட்டத் தெரிந்த ஆள் என்றால் எனக்குத் தெரிந்தது ஒருவர்தான். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் தனபால். வேலைக்குப் போன காலத்தில் அவர் ஓட்டிய வண்டியில்தான் நான் தினமும் போய் வருவேன்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி புகைந்து நின்றது. ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டதாம். எல்லாரும் இறங்கி ஓரத்துக் கடை நிழலில் ஒதுங்கினோம். அன்று காலைதான் பிடுங்கிய வேர்க்கடலையை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டையை, உப்புப் போட்டு வேகவைத்து, ஆவி பறக்கப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார் கடைக்கார அம்மா. தோலை உடைத்ததும் உள்ளே இருக்கும் உப்புத் தண்ணீரை முதலில் உறிஞ்ச வேண்டும். அதைச் செய்யாதவர்கள் வெளியூர்க்காரர்கள்.

பக்கத்தில் நின்ற லாரிக்காரர் கேட்டார்: "எங்க சார் போய்க்கினு இருக்கீங்க?"

"கடலுக்குங்க."

"கடலு அந்தாண்டை இல்ல இருக்குது? இந்தப் பக்கம் போனா திருச்சிதான் வரும்."

"விழுப்புரத்துல ஒரு டிரைவரக் கூட்டிக்கினு அப்பாலே போகணும்."

"கடலுக்கு டிரைவரா!" என்று தன் கிளீனரிடம் திரும்பினார். "பாத்துக்கடா, ரோட்ல எடமில்லன்னு அங்கயும் போக ஆரம்பிச்சிட்டாங்க."

பெல்ட் மாற்றி முடிந்ததும் நடத்துநர் படியில் தொங்கியபடி, "ரைட், போலாம்!" என்றார். வண்டி நகர்ந்தது. அந்தச் சொல்லை நான் வாழ்நாள் முழுதும் கேட்டிருக்கிறேன். அன்றும் கேட்டேன். காதில் விழுந்ததே தவிர, மனதில் எதுவும் தோன்றவில்லை. என் கைப்பையில் படகுச் சொற்களின் தாள் இருந்தும் தோன்றவில்லை.

தனபால் வீட்டில் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் கொடுத்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். "கடல்ல டிராஃபிக் போலீஸ் உண்டா?" என்றுதான் முதலில் கேட்டார். கடல் இல்லை, கழிமுகத்துக்கு உள்ளே இருக்கிற உப்பங்கழி, அலை இருக்காது என்றேன். "பிரேக்கு?" என்றார். அது எனக்குத் தெரியவில்லை. "அதையே தெரிஞ்சிக்காம என்னைக் கூப்புட வந்துட்டீங்க, வேணு சார்" என்று சொல்லிக்கொண்டே கொடியில் இருந்த சட்டையை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

சனிக்கிழமை மதியம் கோட்டக்குப்பம். கடல் என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் இல்லாவிட்டாலும் அதிக தூரமும் இல்லை. ஆனாலும் திண்டிவனத்துக்காரனுக்கு அது வெளிநாடுதான். எங்களுக்குத் தண்ணீர் என்றால் ஏரி. அதிலும் பாதி வருடம் மாடு மேயும். இங்கே தெருவில் திரும்பினாலே உப்புக் காற்று முகத்தில் ஒட்டுகிறது. காதர் வீட்டில் நெய்ச்சோறும் தாளிச்சாவும், மேலே பொரித்த மீனும். நூர்ஜஹான் பரிமாறிக்கொண்டே சொன்னார்: "அண்ணே, நல்லா சாப்புடுங்க. நாளைக்கு தண்ணியில வுழுந்தா தெம்பா நீச்சலடிக்கணும்ல."

"எனக்கு நீச்சல் தெரியாதும்மா."

"டிரைவரண்ணே, உங்களுக்கு?"

"எனக்கும் தெரியாதுக்கா. பஸ்சுக்கு அது கேக்கல."

அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். காதர் தாளிச்சாவைப் பார்த்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டைமாடி நிழலில் பாடம். நோன்புக்கு வாங்கிய பேரீச்சம்பழத்தின் காலி அட்டைப் பெட்டிதான் படகு. அதைத் தரையில் வைத்து விளக்கத் தொடங்கியதும் காதர் வேறு ஆளாகிவிட்டார். குரல் தணிந்து, ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுச் சொன்னார். கரையை விட்டுக் கிளம்புமுன் எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட்; கையில் வைத்திருப்பது கணக்கில்லை, வார் மாட்டியிருக்க வேண்டும். ஏறும்போது நடுவில் கால் வைத்து, குனிந்து, ஒவ்வொருவராக. ஒரு கை எப்போதும் படகைப் பிடித்திருக்க வேண்டும். ஓட்டுகிறவர் மணிக்கட்டில் சுருள் கயிறு ஒன்று, மறுமுனை என்ஜினில். ஆள் தடுமாறி விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், என்ஜின் நின்றுவிடும்.

"இதைப் பஸ்சுக்கு மாட்டியிருக்கலாம் பாய்" என்றார் தனபால். "நைட்டு சர்வீஸ்ல எத்தனை பேரு நிம்மதியா தூங்கியிருப்பாங்க."

"நீங்களும் தூங்கியிருப்பீங்க."

"பிரேக்கு எங்க, அதைச் சொல்லுங்க."

"பிரேக்கே கிடையாது. கைப்பிடியத் திருகுனா வேகம். திருப்பி மூடுனா மெதுவாயி நிக்கும். தண்ணி இழுத்துக்கினு கொஞ்ச தூரம் போகும், அதுக்குத் தகுந்த மாதிரி முன்னாடியே மூடணும். கைப்பிடிய இந்தாண்டை தள்ளுனா போட்டு அந்தாண்டை திரும்பும்."

"இது இன்னா பாய், எல்லாமே தலைகீழா இருக்குது?"

காதர் தானே ஓட்டாமல் இன்னொருவரைப் பழக்குவது ஏன் என்று கேட்டேன். "நான் தவறித் தண்ணியில வுழுந்துட்டா என்னைத் தூக்குறதுக்குப் போட்டை யாரு திருப்பிக்கினு வர்றது? ரெண்டு பேருக்கு ஓட்டத் தெரியாம குடும்பத்தோட கிளம்பக் கூடாதுடா. அங்க அதான் மொதல் பாடம்" என்றார்.

பிறகு என் தாளை விரித்தேன். பழைய அகராதிகளைப் புரட்டி எடுத்தது. கொஞ்சம் பெருமையாகத்தான் படித்தேன். "படகின் முன்முனை அணியம். பின்முனை அமரம்."

தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த நூர்ஜஹான் நிமிர்ந்தார். "இன்னாது அண்ணே? அமரமா? ஆஸ்பத்திரிலேர்ந்து எடுத்துக்கினு வர்ற வண்டியில அமரர் ஊர்தின்னு எழுதியிருப்பாங்களே, அதுவா? நான் ஏற மாட்டேன்."

அதை அடித்தேன். முன்னாடி, பின்னாடி என்று எழுதினேன். நங்கூரத்துக்கு எதிர்ப்பு இல்லை. அடுத்து, "வலது பக்கத்துக்கு வலம். இடது பக்கத்துக்கு இடம்" என்றேன்.

"இடம்னு நீங்க கத்துனா, யாருக்கோ எடம் வுடச் சொல்றீங்கன்னு நான் நவுந்து உக்காருவேன்" என்றார் அவர். "அப்பால போட்டு சாயும். அப்பால கரையில சிரிப்பாங்க."

அந்த அம்மா தேடுவது அழகான சொல்லை அல்ல. பதற்றத்தில் காதில் விழுந்தாலும் ஒரே ஒரு பொருள் தருகிற சொல்லை. இருட்டும்வரை முயன்றோம். கடைசியில் காதர்தான் முடித்தார். "எதுக்கு பேஜாரு? லெஃப்ட்டு, ரைட்டு. பொறந்த கொழந்தைக்கும் தெரியும்." நால்வரும் ஒத்துக்கொண்டோம். தனபால் உட்பட. அதை இங்கே அழுத்திக் குறித்து வைக்கிறேன்.

ஞாயிறு. தென்காற்று எழும்புவதற்கு முன்பே போய்த் திரும்பிவிட வேண்டும் என்று காதர் சொன்னதால் விடிந்ததும் உப்பங்கழிக் கரைக்கு வந்துவிட்டோம். தண்ணீர் அசையாமல் கிடந்தது. தூரத்தில் மீன் பிடிக்கிறவர்கள் வலை கட்ட ஊன்றிய கழிகள் வரிசையாக நின்றன. ஒரு படகில் ஒரே ஒருவர் வலையை உதறிக்கொண்டிருந்தார்.

நூர்ஜஹான் கறுப்பு அங்கிக்கு மேலே ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, வாரைத் தானே இழுத்துப் பார்த்தார். நடுவில் கால் வைத்து, குனிந்து ஏறினார். ஆனால் முன்னால் பார்த்து உட்காரவில்லை. தண்ணீர் வருவதைப் பார்க்க வேண்டாம் என்று, படகின் முகத்துக்கு முதுகைக் காட்டி, கணவரைப் பார்த்தபடி நடுப்பலகையில் உட்கார்ந்தார். காதர் வாயைத் திறந்து மூடினார். எதுவும் கத்தவில்லை.

என்னை முன்முனையில் உட்காரவைத்தார்கள். என் வேலை எதிரே எது வருகிறது என்று பார்த்துச் சொல்வது. முதலில் காதர் ஓட்டினார். கரை விலகியது. ஒரு கொக்குக் கூட்டம் எழுந்து பக்கத்தில் போய் இறங்கியது. நூர்ஜஹான் ஒரு கையால் பலகையைப் பிடித்தபடி மற்றொரு கையைத் தண்ணீருக்கு மேல் நீட்டி, தொடாமல் வைத்திருந்தார். பிறகு தொட்டார்.

"சூடா கீது" என்றார்.

அந்த இரண்டு சொற்களில் காதரின் முகம் எப்படி மாறியது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் என்ஜினை நிறுத்தி, சுருள் கயிற்றை அவிழ்த்துத் தனபாலின் மணிக்கட்டில் மாட்டி, இருவரும் குனிந்தபடி இடம் மாறினார்கள். தனபால் மெதுவாகத்தான் ஓட்டினார். தலைகீழ்க் கைப்பிடி அவருக்கு வசப்பட்டுவிட்டது. "கியர் மாத்துற வேலை இல்ல, பிரேக் புடிக்கிற வேலை இல்ல, யாரும் குறுக்க வரல. சர்வீஸ்ல இருந்தப்ப இந்த ரூட்டைக் குடுத்திருக்கக் கூடாதா?" என்றார்.

அப்போதுதான் வலைக் கழிகளைப் பார்த்தேன். நேர் எதிரே, கொஞ்சம் இடது பக்கமாக, நான் நினைத்ததை விடக் கிட்டத்தில். வலது பக்கம் திரும்பினால் போதும். நேரமும் இருந்தது. ஒப்புக்கொண்டபடியே, தெளிவாக, உரக்கச் சொன்னேன்:

"ரைட்! ரைட்!"

படகு முன்னால் பாய்ந்தது.

நான் பின்னால் சரிந்து பலகைக்கு அடியில் விழுந்தேன். என்ஜின் அலறியது. கழிகள் நேரே எங்களை நோக்கி வந்தன. எழ முயன்றபடி, இன்னும் உரக்க, "ரைட்! ரைட்!" என்றேன். படகு இன்னும் வேகம் எடுத்தது. காதர் என்ஜின் பக்கம் எட்டினார், எட்டவில்லை. என்ன நடக்கிறது என்று நூர்ஜஹானுக்குத் தெரியாது. அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரிந்தது தனபாலின் முகம் மட்டும்தான். பஸ்சில் படியில் ஒரு காலோடு தொங்கிப் பழகிய ஒவ்வொரு பெண்ணுக்கும் வண்டியை நிறுத்த வருகிற குரல் அவரிடமிருந்து வந்தது:

"ஹோல்டான்!"

தனபாலின் கை மூடிக்கொண்டது. யோசித்து மூடவில்லை, கை தானாக மூடியது. என்ஜின் அடங்கியது. அதே நொடியில் காதர் இரண்டு கைகளாலும் படகின் விளிம்பை இறுகப் பிடித்து, காலை அகட்டிக் குனிந்துகொண்டார். படகு தன் இழுப்பில் வழுக்கிப் போய், ஒரு கழியைப் பக்கவாட்டில் உரசி, அதற்கு அப்பால் சேற்றில் மூக்கைச் செருகி நின்றது.

வலை உதறிக்கொண்டிருந்தவர் தன் படகிலிருந்து நிதானமாகக் கேட்டார்: "இன்னாங்க, இங்க ஸ்டாப்பிங்கா?"

காதர் மனைவியைப் பார்க்கவே இல்லை. திங்கட்கிழமை வரப் போகிற பாண்டிக்காரரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

நூர்ஜஹான் தனபாலிடம்தான் பேசினார். "டிரைவரண்ணே, அண்ணன் ரைட்டு ரைட்டுன்னு கத்துறாரு, நீங்க எதுக்கு ஸ்பீடை ஏத்துனீங்க?"

"ரைட்டுன்னா போறதுதானேக்கா!" தனபால் இன்னும் கைப்பிடியை விடவில்லை. "சர்வீஸ் பூரா காதுல அதானே வுழுந்திச்சி. ரைட்டுன்னா எடு. டபுள் ரைட்டுன்னா வழியில நிக்காம போ. சார் ரெண்டு வாட்டி வேற சொன்னாரு."

பிறகு நூர்ஜஹானின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்துக் காதர் பதறி எழப் போனார்.

"உக்காருங்க! எழுந்தா சாயும், நீங்கதானே சொன்னீங்க" என்றார் அவர். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். கரையில் அன்று எல்லாரும் சிரித்ததற்குச் சேர்த்து வைத்திருந்தது போல.

சேற்றிலிருந்து எடுப்பது காதரின் வேலை. என்ஜினை முடுக்கவில்லை, முடுக்கினால் விசிறி சேற்றை வாரும் என்று, அதைத் தூக்கி வைத்தார். "முன்னாடி இருக்குறவங்க பின்னாடி வாங்க. ஒவ்வொருத்தரா. குனிஞ்சிக்கினு." எல்லாம் தமிழில், எல்லாம் மெதுவாக. எடை பின்னால் போனதும் மூக்கு லேசானது. துடுப்பால் ஊன்றித் தள்ளினோம். படகு பின்வாங்கியது.

மிதக்கத் தொடங்கியதும் நூர்ஜஹான் சட்டம் போட்டார். "இந்த போட்ல இனிமே ரைட்டு கிடையாது. சோத்தாங்கை, பீச்சாங்கை. அவ்ளோதான்."

"அது ரைட்டு" என்றார் தனபால். உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

"டிரைவரண்ணே, இப்ப சோத்தாங்கைப் பக்கம் திருப்புங்க" என்று அவர் தன் வலது கையை நீட்டிக் காட்டினார். படகு எதிர்ப் பக்கம் திரும்பியது. கையைப் பார்த்தார், படகைப் பார்த்தார். அவர் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார் அல்லவா? தனபாலின் சோத்தாங்கை ஒரு பக்கம், அவருடையது மறுபக்கம்.

காதர் அதைப் பார்த்துச் சொன்னார். "அதுக்குத்தான் நூரு அந்த வார்த்தை. ஸ்டார்போர்ட்னா உன் கையும் இல்ல, என் கையும் இல்ல. போட்டோட கை. நாம எந்தப் பக்கம் பாத்து உக்காந்தாலும் அது மாறாது."

"இதை மொதல்லயே இப்படிச் சொல்லியிருந்தா நான் ஏன் வுழுவுறேன்?"

"சொல்லத் தெரியல."

"போட்டோட சோத்தாங்கை" என்று நூர்ஜஹான் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு விளிம்பைப் பிடித்தபடி, குனிந்து, காலை ஒவ்வொன்றாகப் பலகைக்கு மேல் எடுத்துப் போட்டுத் திரும்பினார். படகு பார்க்கும் பக்கம் பார்த்து உட்கார்ந்தார். "வேணு அண்ணே, நீங்க இப்படி உள்ள வாங்க. நான் பாத்துச் சொல்றேன்" என்று என் வேலையையும் எடுத்துக்கொண்டார்.

கரைக்கு வரும்வரை அவர்தான் வழி சொன்னார். தனபால் ஒரு முறைகூடத் தவறவில்லை. வலைக்காரரைக் கடந்தபோது அவர் கேட்டார், "இன்னா, கண்டக்டர் மாறிட்டாங்களா?" "செக்கரு!" என்றார் தனபால்.

அன்று மாலையே காதர் சின்னத் தூரிகை எடுத்து, படகின் உட்புறம் வலது பக்கத்தில் "சோத்தாங்கை" என்று பச்சை வண்ணத்தில் எழுதினார். இடது பக்கத்தில் சிவப்பைத் தொட்டபோது மனைவி தடுத்தார். "அதை எழுதாதீங்க. நாளைக்கு பெரியவங்க ஏறுவாங்க. எழுதாத பக்கம் அதுன்னு தெரிஞ்சிக்கட்டும்." எனவே அந்தப் பக்கம் ஒரு சிவப்புக் கோடு மட்டும்.

திங்கட்கிழமை பாண்டிக்காரர் வந்தபோது நானும் இருந்தேன். நூர்ஜஹான்தான் தேநீர் கொடுத்தார். "விக்கிறதுக்கு இல்லீங்க. வூட்ல எல்லாரையும் கூட்டிக்கினு ஞாயித்துக்கிழமை வாங்க, ஒரு சுத்து போலாம். ஆனா ஏர்றதுக்கு முன்னாடி நான் சொல்ற நாலு வார்த்தை கத்துக்கணும்" என்றார். பாண்டிக்காரர் கப்பை வைத்துவிட்டுக் காதரைப் பார்த்தார். காதர், "அவங்க சொன்னா சரிதாங்க" என்றார். அந்த வெள்ளிக்கிழமைகளில் கரையில் கயிற்றோடு நின்ற மனிதரின் குரல் அப்போது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்தத் திங்கட்கிழமை எப்படி இருந்தது என்று தெரியும்.

ஒன்று மட்டும் மிச்சம். ஊர் திரும்பும் பஸ்சில், அந்தக் குரல் கேட்டதும் கை ஏன் மூடியது என்று தனபாலிடம் கேட்டேன். "ஹோல்டான்னா நிறுத்து, அதானே?" என்றார் அவர். ஆனால் காதர் வேலை செய்த துறையில் அதே சொல்லுக்கு, கெட்டியாகப் பிடித்துக்கொள் என்று பொருளாம். அதனால்தான் அவர் விளிம்பைப் பிடித்தார். நூர்ஜஹான் ஒரு சொல் கத்தினார். ஒருவர் நிறுத்தினார், ஒருவர் பிடித்துக்கொண்டார். இரண்டுமே அந்த நொடியில் செய்ய வேண்டியவை. அந்தச் சொல் கப்பலிலிருந்து இறங்கித்தான் நம் பஸ் படிக்கு வந்தது என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த நடத்துநர் சொன்னதாகத் தனபால் சொல்கிறார். அந்த நடத்துநர் இப்போது இல்லை. அகராதிகளில் தேடினேன், கிடைக்கவில்லை. உண்மையா என்று நான் இதுவரை உறுதி செய்யவில்லை.